கேபிள்: கடலடியில் கிடக்கும் வடம்

கேபிள் என்றதும் மாதச் சந்தா வாங்க வரும் கேபிள்காரர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். சொல் கிளம்பியதோ மாட்டுத் தொழுவத்திலிருந்து. இடைக்கால லத்தீனில் 'காபுலும்' என்றால் மாட்டைப் பிடித்துக் கட்டும் கயிறு. பிடித்தல் என்று பொருள்படும் 'காபெரே' அதன் வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நங்கூரக் கயிற்றின் பெயரானது. மாலுமிகள் அதை நீள அளவாகவும் வைத்துக்கொண்டார்கள்: ஒரு கேபிள் சுமார் 185 மீட்டர். 1850களில் தந்திக் கம்பியைச் சுற்றி இரும்புக் கம்பிகளைக் கயிறு போல முறுக்கிக் கடலில் இறக்கினார்கள். பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'வடம்' தயாராகவே இருக்கிறது. புரிகள் பல சேர்த்து முறுக்கிய பருத்த கயிறு. தேர்வடம் தெரியாதவர் யார்? மின்வடம், புதைவடம் எல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டன. இன்றைய இணைய வடத்தின் உள்ளே ஒளியைக் கடத்தும் ஃபைபரைச் சிலர் 'நார்' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நார் உரிப்பது, இழை இழுப்பது. கண்ணாடியை உருக்கி மயிரளவுக்கு இழுத்துத்தான் இதைச் செய்கிறார்கள். ஆகவே கடலடி ஒளியிழை வடம்.

இணையத்தைச் சுமக்கும் இந்த வடத்துக்கு இப்போது இன்னொரு வேலை. தேர்ச்சக்கரம் கல்லில் ஏறினால் வடம் பிடித்தவர் கைக்குத் தெரியும் அல்லவா, ஏறக்குறைய அப்படி. கரையிலுள்ள கருவி இழைக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பும். கண்ணாடியில் இயல்பாகவே உள்ள நுண்குறைகளில் பட்டு அந்த ஒளியில் துளி திரும்பி வரும். தரை அதிர்ந்தால் இழை மிக மிக நுண்ணிய அளவில் நீளும், சுருங்கும். திரும்பும் ஒளியில் அது தெரியும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து இடத்தையும் சொல்லிவிடலாம்.

2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த ஓர் ஆய்வு வடத்தில் நான்கு நாள் இதைச் செய்து பார்த்தார்கள். 20 கிலோமீட்டர் இழை சுமார் 10,000 உணர்விகளின் வேலையைச் செய்தது. கில்ராய் அருகே நேர்ந்த 3.4 அளவு நிலநடுக்கம் பதிவானது. கடலடியில் முன்பு அறியப்படாத பிளவுகளும் தென்பட்டன.

ஆங்கிலத்தில் இம்முறை டிஸ்ட்ரிபியூட்டட் அக்கவுஸ்டிக் சென்சிங். 'பரவல் ஒலியுணர்தல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம்தான். ஆனால் இங்கே எதுவும் பரவிக் கிடக்கவில்லை, ஒரே வரிசையில் நீள்கிறது. பிடிபடுவதிலும் பெரும்பகுதி காதுக்கு எட்டாத அதிர்வு. 'வழிநெடுக அதிர்வுணர்தல்' என்பேன். அப்புறம், நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் ஒரு வடம் திமிங்கிலங்களின் குரலைப் பிடித்திருக்கிறது. அங்கே யாராவது 'ஒலியுணர்தல்' என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன்.