மாரி கழிந்து எஞ்சினைக் கடலுக்கு இறக்குமுன்

கனடாவிலிருந்து மச்சான் அனுப்பும் காணொளியில் ஜெட்ஸ்கீக்குள் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவார்கள். அங்கே தண்ணீர் உறைந்தால் 9 வீதம் வீங்கி எஞ்சினையே பிளந்துவிடும். முல்லைத்தீவில் அந்தப் பயம் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கரையேற்றி, வாடை தணிந்தபின் இறக்கும் அவுட்போட் எஞ்சினை, அதாவது போட்டின் பின்பக்கம் பூட்டும் எஞ்சினை, இங்கே கெடுப்பது உப்பும் ஈரமும்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நல்ல தண்ணியில் ஓடவிட்டுக் கழுவாமல் கொட்டிலில் வைத்தால் அது குளிரூட்டும் வாய்க்கால்களில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் சோடியம் குளோரைட் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். மாரியில் அடுப்படி உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். கசிந்த உப்புநீர் மின்னைக் கடத்தும். அலுமினிய உடலோடு துருப்பிடிக்காத உருக்கு ஆணி தொடும் இடமெல்லாம் அலுமினியம் அரிபடும்.

எஞ்சினின் அடியில் துத்தநாகத் துண்டு பூட்டியிருப்பது அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் தேய்வதற்கு. பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதற்கும் சேர்த்துப் பெயின்ற் அடிப்பவர்கள் உண்டு. அடித்தால் அது வெறும் பாரம். கொக்கிளாய், நாயாறு களப்புகளில் எஞ்சினோடு கட்டிக்கிடந்த போட்டென்றால் இன்னும் கவனம். மாரி வெள்ளம் இறங்கி நீரில் உப்புக் குறைந்தால் துத்தநாகத்தின்மேல் படலம் பிடித்துவிடும். தேயாத துண்டு எதையும் காப்பதில்லை. கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே 150 பாகை செல்சியஸ் அளவில். குளிர்ந்த எஞ்சினில் அது பிடிக்காது. ஆகவே பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு வருகிறோம். கடைசிநாள் அதை மறந்தவர் எவ்வளவு கயிறு இழுத்தாலும் தோள்தான் நோகும். மறக்காதவருக்கும் வினை உண்டு. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரில் நின்ற பெற்றோலின் இலேசான கூறுகள் பறந்துபோக, மிச்சம் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகி, எரிபொருளை அளந்து விடும் ஜெற்றின் நுண்துளையைச் சுருக்கும். டூ-ஸ்ரோக் எஞ்சினுக்கு எரிபொருளோடு கலந்துதான் ஒயிலும் போகிறது. எரிபொருள் குறைந்தால் ஒயிலும் குறையும். அதனால் எஞ்சின் பிடிக்காமல் கிடப்பதைவிட அரைகுறையாகப் பிடித்து ஓடுவதே ஆபத்து: கரை தெரியாத இடத்தில் பிஸ்ரன் இறுகும். ஜெற்றைக் கழற்றிப் புதுப் பெற்றோலில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும்.

கானில் மிஞ்சிய மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் விரைவில் கெடாது. அடியில் தேங்கிய தண்ணீரை மட்டும் பிரித்தால் போதும். லீற்றர் 87 ரூபாய் ஒரேயடியாக 340 ஆன 2022 ஓகஸ்ட்டைக் கண்டவர்கள் அதைக் கொட்டவும் மாட்டார்கள்.

கியர்ப் பெட்டியின் அடி ஆணியைத் திறக்கையில் முதலில் வருவதைப் பாருங்கள். தண்ணீர் பாரமானது, மாதக்கணக்கில் கிடந்ததில் கீழே இறங்கி நிற்கும். ஒயில் பால்நிறமாக வந்தாலும், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது என்றே அர்த்தம். பெரும்பாலும் குற்றவாளி புரொப்பெல்லர் தண்டில் சுற்றிய நைலோன் வலைநூல்தான். அதை வெட்டியெடுக்காமல் சீல் மாற்றுவது வீண்செலவு.

பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுங்கள். அப்போது பிளக் வயரை எஞ்சின் உடலில் தொடுத்து வைக்க வேண்டும். பொறி போக வழியில்லாவிட்டால் இக்னிஷன் பெட்டி பழுதாகலாம்.

தண்ணீர்ப் பம்பின் றப்பர் இதழ்களில் சில மாரி முழுக்க வளைந்தபடியே கிடந்திருக்கும். வளைவு நிலைத்துவிட்டால் நீரைச் சரியாக அள்ளாது. சத்தம் பார்க்கவென்று தரையில் வைத்து ஓட்டினால் உலர் உராய்விலேயே கருகிவிடும். பீப்பாயில் நீர் நிரப்பி, நீர் உள்ளே போகும் வாய் நன்றாக மூழ்கும்படி இறக்கி ஓட்டுங்கள். பக்கத்துளையால் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆனால் பம்பைப் பிரிக்க அவசரப்படாமல் முதலில் அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்பு அடைத்திருந்தால் அதிலேயே விட்டுவிடும்.