6/6 தெரிகிறது, படி மட்டும் தெரியவில்லை

"கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டேன், ஆனாலும் பார்வை தெளிவா இல்லை" என்று சொல்பவர்களை நான் அப்படியே நம்புவேன். 1862-இல் டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் உருவாக்கிய எழுத்து அட்டை, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து எவ்வளவு சிறியதுவரை தெரிகிறது என்பதைத்தான் அளக்கும். பெயின்ட் போன வேகத்தடையும் விளிம்பு தெரியாத சிமென்ட் படியும் அந்த அட்டையில் இல்லை. பின்னணியோடு கலந்து நிற்கும் இப்படிப்பட்ட பொருளைப் பிரித்துப் பார்க்கும் திறனுக்குத் தனிச் சோதனை வேண்டும். அதுதான் கான்ட்ராஸ்ட் சோதனை.

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது எழுத்து அட்டைப்படி இயல்பான பார்வை. வீட்டுப் படியில் இருமுறை தடுமாறியதால் மகள் அழைத்து வந்திருந்தார். கணினித் திரையில் ஓரிடத்தில் மட்டும் திறந்த வளையத்தைக் காட்டி, திறப்பு எந்தப் பக்கம் என்று கேட்டேன். கருவளையத்துக்கு டக்டக்கென்று பதில் வந்தது. வளையம் சாம்பலாக வெளுக்க வெளுக்க, வலது கண் வெகு சீக்கிரமே திணறியது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் பின்பக்கத்தில் கண்புரை ஆரம்பித்திருந்தது.

1988-இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையும் இதைத்தான் செய்கிறது. எழுத்து எல்லாம் ஒரே அளவு, மூன்று மூன்றாக வெளுத்துக்கொண்டே போகும். ஆனால் அட்டை அழுக்காகும், அடிக்கடி வருபவருக்கு மனப்பாடமும் ஆகிவிடும். கணினியில் அந்தத் தொல்லை இல்லை. சரியாகச் சொன்னால் அடுத்த வளையம் இன்னும் வெளுக்கும், தவறினால் கொஞ்சம் கறுக்கும். இப்படியே உங்கள் எல்லையைப் பிடித்துவிடும். ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் மைக்கேல் பாக் உருவாக்கிய, இந்தச் சோதனையைச் செய்யும் ஃப்ராக்ட் (FrACT) மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முடிவு மடக்கை (log) எண்ணாக வரும்: 1.0 என்றால் 10 சதவீத வேறுபாடு இருந்தால்தான் தெரிகிறது, 2.0 என்றால் 1 சதவீதமே போதும்.

"தெரியலை" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஊகித்தாவது ஒரு பக்கம் சொல்லுங்கள், சோதனையே அதை எதிர்பார்த்துத்தான் அமைந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சோதிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் திரையைப் பற்றியது. சாதாரணத் திரையில் சாம்பலுக்கு 256 படிகள்தான், மிக மெல்லிய வேறுபாட்டுக்கு அது போதாது. மென்பொருள் அதைப் புள்ளிகளைக் கலந்து சமாளிக்கும், ஆனாலும் திரையை அளவுதிருத்தம் செய்தே ஆக வேண்டும். தானியங்கி வெளிச்சம், இரவு நிறம் இரண்டையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக் கூடாது. இதெல்லாம் செய்யாமல் கைபேசியில் பார்த்துக்கொள்ளும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எண் குறைந்தால் காரணம் புரை மட்டும் அல்ல. கண் அழுத்த நோய், சர்க்கரையால் வரும் விழித்திரை பாதிப்பு, பார்வை நரம்பு அழற்சி என எதுவாகவும் இருக்கலாம். எது என்று இந்தச் சோதனை சொல்லாது, மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். காசநோய்க்கு எத்தாம்புட்டால் சாப்பிடுபவர்களை இங்கே தனியாகச் சொல்கிறேன். அந்த மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். நிறமோ எழுத்தோ வெளிறித் தெரிந்தால் அன்றைக்கே மருந்து தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஓட்டுநருக்கு அறுவை சிகிச்சை நாள் வரும்வரை, படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.