கேனில் மைனஸ் 20, தொட்டியில் எத்தனை?

கடுங்குளிர் தொடங்கிய முதல் வாரத்தில் பட்டறைக்கு வரும் புகார்களில் ஒன்று மட்டும் எந்த ஆண்டும் தவறுவதில்லை. "வைப்பர் தண்ணீர் வரவில்லை, பம்ப் போய்விட்டது போலிருக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. இன்னும் நான்கு முறை சுவிட்சை இழுத்திருந்தால் போயிருக்கும். பானெட்டைத் தூக்கி, வைப்பர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தால் கழுத்துவரை நீலப் பனிக்கூழ் நிற்கும். "குளிர்காலத் திரவம்தானே ஊற்றினேன், மைனஸ் 20 என்று போட்டிருந்ததே" என்று வண்டிக்காரர் சற்றுக் கோபமாகவே கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. கேனில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் கேனில் இருந்தது அப்படியே தொட்டியில் இல்லை.

கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருப்பார். நான்கு லிட்டர் தொட்டியில் இரண்டு லிட்டர் மிச்சம் இருந்திருக்கும். அதன் தலையில் இரண்டு லிட்டர் குளிர்காலத் திரவத்தை ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று மூடியிருப்பார். இந்தத் திரவங்கள் உறையாமல் இருப்பதற்குக் காரணம் அவற்றில் உள்ள ஆல்கஹால். எத்தனாலை எடுத்துக்கொண்டால், கன அளவில் 40 சதவீதக் கலவை ஏறத்தாழ மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைப் பாதிக்குப் பாதி நீர்த்து 20 சதவீதமாக்கினால் மைனஸ் 9. இன்னும் பாதியாக்கி 10 சதவீதத்துக்கு வந்தால் வெறும் மைனஸ் 4. ஒரு சாதாரண உறைபனி இரவுக்கே அது போதாது. பாதிக் கேன் ஊற்றியவருக்குப் பாதிப் பாதுகாப்புக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது.

தண்ணீர் கலந்து ஊற்றும் அடர்திரவம் வாங்குபவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுகிறார்கள். முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள எண், தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் வரும் எண். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் இவ்வளவு, ஒன்றுக்கு இரண்டு என்றால் இவ்வளவு என்று அதில்தான் உண்மை இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் படித்துவிடுங்கள். கலப்பதை வெளியே ஒரு பாத்திரத்தில் கலந்து, பிறகு தொட்டியில் ஊற்றுங்கள். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது. தொட்டியில் கிடக்கும் பழைய தண்ணீரின் மேல் அடர்திரவத்தைச் சாய்த்தால் அது மேலேயே நிற்கப் பார்க்கும். பம்ப் இருப்பதோ அடியில். அங்கே இன்னும் வெறும் தண்ணீர்தான்.

தொட்டியைச் சரியாக நிரப்பியவர்களும் மறந்துவிடுவது குழாயை. தொட்டியிலிருந்து, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் முனைவரை போகும் மெல்லிய குழாய்க்குள் பழைய தண்ணீர் அப்படியே கிடக்கிறது. உறைவதில் அதற்குத்தான் முதலிடம். பின்கண்ணாடிக்கும் தண்ணீர் அடிக்கும் வண்டிகளில் அந்தக் குழாய் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. ஆகவே புதுத் திரவம் ஊற்றியதும் முன்னும் பின்னும் விட்டுவிட்டு அடித்துப் பாருங்கள். புதுத் திரவத்தின் வாசனையோ நிறமோ கண்ணாடியில் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

உறைந்தால்தான் என்ன, உருகிவிட்டுப் போகட்டுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பம்பைக் கழற்றிக் காட்டுவேன். கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த பிளாஸ்டிக் உருளை. மேலே சிறு மின்மோட்டார், அடியில் ஒரு நாணயம் அகலத்தில் சுழலும் இறக்கை. தண்ணீர் பனியாகும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. தொட்டியின் மேல்பகுதியில் காற்று இருக்கிறது, அங்கே விரிய இடமுண்டு. இறக்கை சுழலும் அந்தச் சின்ன அறையில் இடமே இல்லை. பனி பிடித்த இறக்கை அசையாது. தெரியாமல் சுவிட்சை இழுத்துப் பிடித்தால் மோட்டார் சுழல முடியாமல் சூடேறும், ஃப்யூஸ் போகும், அல்லது சுருளே கருகும். வெளியுறை பிளந்த பம்புகளில் விரிசல் தலைமுடி அளவுதான் இருக்கும், நகத்தை ஓட்டினால்தான் தட்டுப்படும். இன்னொரு வேடிக்கை பானெட்டுக்கு அடியில் நடக்கும். குழாய்க்குள் வளர்ந்த பனி அதை முனையிலிருந்து தள்ளிக் கழற்றிவிடும். பனி உருகிய பிறகு சுவிட்சை இழுத்தால் பம்பின் சத்தம் கேட்கும், கண்ணாடியில் ஒரு துளி விழாது. எல்லாம் பானெட்டின் உட்புறத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்.

தொட்டியில் உறையாத திரவம் கண்ணாடியில் உறைவதும் உண்டு. ஆபத்து அதிகம் இங்கேதான். சாலைப் பனி உருகத் தூவிய உப்போடு முன்னே போகும் லாரி வாரியடிக்கும் சேறு கண்ணாடியை வெள்ளையாக்குகிறது, ஓட்டுநர் திரவத்தை அடிக்கிறார், வைப்பர் ஒரு முறை போய் வருகிறது, அடுத்த நொடி கண்ணாடி முழுக்க மெல்லிய பனித்திரை. வேகமாக ஓடும் வண்டியின் கண்ணாடியில் மெல்லியதாகப் பரவிய திரவத்திலிருந்து ஆல்கஹால்தான் முந்தி ஆவியாகிறது. ஆவியாகும்போது கண்ணாடியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சுவது தண்ணீர், அதுவும் முன்னிலும் குளிர்ந்த கண்ணாடியின் மேல். அதனால் எதிர்பார்க்கும் கடுங்குளிரைவிட இன்னும் ஒரு 10 டிகிரியாவது கீழே தாங்கும் திரவத்தை வாங்கச் சொல்கிறேன். கிளம்பியதும் அடிக்காமல், ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, கண்ணாடி வெதுவெதுப்பான பிறகு அடியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பொருத்திய புது வண்டிகளில் அந்தக் கேமராவுக்கும் பார்வை மறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கைவைத்தியங்களைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. எஞ்சின் கூலன்ட்டை ஊற்றலாமா? கூடாது. அதில் உள்ள கிளைக்கால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமாகப் படியும். இரவில் எதிர்வண்டியின் விளக்கு பட்டால் பார்வை சிதறும். அதோடு, எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம், சொட்டினால் நாய் நக்கும். உப்பு இரும்பைத் தின்னும். வினிகர் உறைநிலையை இரண்டு டிகிரிகூடச் சரியாக இறக்காது. பாத்திரம் துலக்கும் சோப்பு நுரைக்கும், கோடு கோடாகப் படியும், உறைவதைத் தடுக்காது. மதுவை ஊற்றலாமே என்று கண்ணடிப்பவர்களும் உண்டு. 40 சதவீத வோட்கா கணக்குப்படி தாங்கும்தான், வழியில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் அந்த வாசனைக்கு விளக்கம் சொல்வது உங்கள் பொறுப்பு.

நான் சிரிக்காமல் சொல்லும் விஷயம் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். மலிவான திரவங்கள் சிலவற்றில் இருப்பது இதுதான். உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். கண் போகும், உயிரும் போகும். பொதுமக்களுக்கு விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்தில் எடையில் 0.6 சதவீதமும் அதற்கு மேலும் மெத்தனால் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு விதி கொண்டுவந்தது. எல்லா நாடுகளிலும் அந்த விதி இல்லை, ஆகவே லேபிளைப் பாருங்கள். மிச்சத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீல நிறம் குழந்தைகளை இழுக்கும். யாராவது விழுங்கிவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி பல மணி நேரம் கழித்துத்தான் வரும். கேனையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு வெறும் தண்ணீரே மேல் என்று கோடையிலும் இருந்துவிட வேண்டாம். 2010இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு, திரவம் சேர்க்காத வெறும் வைப்பர் தண்ணீரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியாவோடு தொடர்புபடுத்தியது.

உங்கள் தொட்டியில் இருப்பது எதுவரை தாங்கும் என்று அறிய எளிய வழி இருக்கிறது. ஒருவர் சுவிட்சை இழுக்க, மற்றவர் முனைக்கு நேரே ஒரு கோப்பையைப் பிடித்துக் கொஞ்சம் திரவம் சேகரியுங்கள். தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள், குழாயில் இருப்பதுதான் நமக்கு வேண்டும். அதைச் சிறு புட்டியில் அடைத்து, குழந்தைகள் எட்டாத இடமாகப் பார்த்து, குளிரான ஓர் இரவில் வெளியே வைத்துக் காலையில் பாருங்கள். இவை ஒரேயடியாகக் கட்டியாவதில்லை. முதலில் ஊசி ஊசியாகப் பனி தெரியும். தெரிந்தாலே போதாது என்று அர்த்தம். கூலன்ட் பார்க்கும் மிதவைக் கருவியால் இதை அளக்காதீர்கள். அது கிளைக்கால் தண்ணீரைவிடக் கனமானது என்ற கணக்கில் செய்தது. ஆல்கஹாலில் தலைகீழாகக் காட்டும்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? சுவிட்சைத் தொடாதீர்கள். கொதிநீரைக் கண்ணாடியிலும் ஊற்ற வேண்டாம், தொட்டியிலும் ஊற்ற வேண்டாம். இரண்டும் விரிசல் விடக்கூடியவை. எஞ்சின் சூட்டில் உருகிவிடும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, பல வண்டிகளில் தொட்டி சக்கரத்துக்கு முன்னே பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சூடான நிறுத்துமிடம் ஏதேனும் கிடைத்தால் சில மணி நேரம் விடுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்க நினைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். முழுதும் உருகியதும் இருப்பதை எல்லாம் வெளியேற்றி, புதுத் திரவத்தால் நிரப்பி, குழாய்கள் வழியே அடித்துப் பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் அட்டை நனைந்திருந்தால் தொட்டியில் விரிசல், அல்லது பம்பைச் செருகியிருக்கும் ரப்பர் வளையம் விலகியிருக்கிறது. அப்போது பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.