தூண் ராஃப்டைத் தொடும் புள்ளி

கட்டமைப்பு மென்பொருளில் 600 மி.மீ. சதுரத் தூண் ஒன்றை வரைந்தால், திரையில் அது பருமனான தூணாகத்தான் தெரியும். கணக்குக்குள் அது வெறும் கோடு. குறுக்களவுகள் எண்களாக அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. கோடு எந்த இடத்தையும் அடைத்துக்கொள்வதில்லை. அடியிலுள்ள ராஃப்டும், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகையான அடித்தளமும், அப்படித்தான். ஒரு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட், கணக்கில் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு பரப்பு. கோடு பரப்பைச் சந்திக்கும் இடம் ஒரு புள்ளி. ராஃப்ட் மாடலில் வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை அந்தப் புள்ளியில்தான் பிறக்கின்றன.

முதலில், சந்திப்பு உண்மையில் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுப்புகள் விசையைக் கைமாற்றிக்கொள்வது நோட்கள் (கோடுகளின் முனைகள், கட்டங்களின் மூலைகள்) வழியாக மட்டுமே. தூணின் அடி நோட், மெஷ் எனும் அந்தக் கட்ட வலையில் ஒரு கட்டத்துக்கு நடுவே விழுந்துவிட்டால், படத்தில் தூண் ராஃப்டின் மேல் நிற்கும். கணக்கில் அந்தரத்தில் தொங்கும். சில மென்பொருள்கள் தூண் இருக்கும் இடத்தில் மெஷ்ஷைத் தாமே பிரித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நம்ப முடியாது. மண்ணின் மொத்த எதிர்விசை, இறக்கிய மொத்தச் சுமைக்குச் சமமாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தால் இந்தப் பிழை பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

இணைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தூண் 3,000 கிலோநியூட்டனை இறக்குகிறது. மெல்லிய தட்டுக் கோட்பாட்டின்படி, புள்ளிச் சுமைக்கு நேர் கீழே வளைவு மொமென்ட் (தட்டை வளைக்கும் திருப்புவிசை) முடிவிலி. மென்பொருள் முடிவிலியைக் காட்டாது; கட்டத்தின் அளவுக்கு ஏற்ப ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். கட்டம் சிறுக்கச் சிறுக்க அந்த எண் ஏறும்; அந்த ஏற்றம் மடக்கை விதிப்படி நடப்பது. கான்கிரீட்டின் பாய்சன் விகிதம் (ஒரு திசையில் நீளும்போது குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) 0.2 என்றால், கட்டத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் உச்ச மொமென்ட், மீட்டர் அகலத்துக்குச் சுமார் 200 கிலோநியூட்டன்-மீட்டர் கூடும். இந்த 200-க்கு மண்ணும் காரணமில்லை, ராஃப்டின் தடிமனும் காரணமில்லை. சுமையும் பாய்சன் விகிதமும் மட்டுமே. மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை மெய்யை நெருங்கும் என்ற நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. வேடிக்கை என்னவென்றால், அதே கோட்பாட்டில் இறக்கம், அதாவது அந்த இடம் கீழே அமுங்கும் அளவு, ஒழுங்காக ஓர் எண்ணில் வந்து நிற்கும். மண்ணின் விறைப்பு கனமீட்டருக்கு 20,000 கிலோநியூட்டன், ஒரு மீட்டர் ராஃப்ட், கான்கிரீட்டின் மீள்குணகம் 25,000 மெகாபாஸ்கல் என்று கொண்டால், பரந்த ராஃப்டின் நடுவில் அந்தத் தூண் தனியாகத் தரும் இறக்கம் 1.8 மி.மீ. அளவுதான்.

இதைவிடக் கள்ளத்தனமான கோளாறு இன்னொன்று. காற்றாலோ நிலநடுக்கத்தாலோ தூணிலிருந்து மொமென்ட் இறங்கும்போது, அதை ஒரே புள்ளியில் வாங்கும் தட்டின் சுழற்சி கோட்பாட்டின்படி முடிவிலி. ஆகவே மெஷ் நுணுகும்தோறும் இணைப்பு தளர்ந்துகொண்டே போகும். மேலே கட்டடம் கூடுதலாக அசைவதாகக் கணக்கு காட்டும். உச்ச மொமென்ட்டாவது வண்ணப்படத்தில் சிவப்பாகக் கண்ணில் குத்தும். இந்தத் தளர்ச்சி எங்கும் குத்தாது.

மருந்து, தூணுக்கு அதன் பரப்பைத் திருப்பிக் கொடுப்பதுதான். தூண் நிற்கும் 600-க்கு 600 மி.மீ. சதுரத்துக்குள் வரும் நோட்கள் எல்லாவற்றையும் தூணின் அடி நோடோடு விறைப்பாகக் கட்டிவிடலாம். இப்போது சுமையும் மொமென்ட்டும் ஒரு பரப்பு வழியாக இறங்கும். சதுரத்துக்குள் வரும் மொமென்ட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கம்பி கணக்கிடத் தூணின் முகத்தில் உள்ள மதிப்பையே எடுக்க வேண்டும். அதையும் ஒற்றை நோடில் படிக்காமல், ஒரு பட்டை அகலத்துக்குச் சராசரியாக்குவது நல்லது. கான்கிரீட் விரிசல் விட்டதும் உச்சத்தைப் பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். ஒரு நோடின் உச்ச எண்ணைப் பார்த்து ராஃப்ட் முழுவதும் கம்பியை நெருக்கி வைப்பது என் பார்வையில் பாதுகாப்பல்ல, விரயம்.

தூண் ராஃப்டைத் துளைத்து இறங்கப் பார்க்கும் வெட்டு விசையைத் தட்டு மாடல் தானாகச் சொல்லாது. அது தனிச் சோதனை. கான்கிரீட் வடிவமைப்பு விதித்தொகுப்புகளில், இந்தியாவின் ஐஎஸ் 456-உம் அமெரிக்காவின் ஏசிஐ 318-உம் தூண் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தில் (அழுத்தப்படும் முகத்திலிருந்து இழுவிசைக் கம்பி வரையுள்ள ஆழம்) பாதி தூரத்தில் சோதனைக்கான சுற்றை வரைகின்றன. ஐரோப்பாவின் யூரோகோடு 2-இன் 2004 பதிப்பில் அடிப்படைச் சுற்று அந்த ஆழத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது.

உயரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மாடலில் உள்ள பரப்பு ராஃப்டின் நடுத்தளம். தூண் முடிவது மேல்முகத்தில். இடையே அரை மீட்டர். தூணடியில் 100 கிலோநியூட்டன் கிடைவிசை இருந்தால், நடுத்தளத்துக்கு வரும்போது 50 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட் சேர்ந்துவிடும். கோட்டை நடுத்தளம் வரை நீட்டி, அந்த அரை மீட்டரை விறைப்பாக அறிவித்தால் கணக்கு நேராகும். மேற்கட்டடத்தைத் தனி மாடலில் தீர்த்து, அடி எதிர்விசைகளை மட்டும் ராஃப்ட் மாடலுக்குக் கொண்டுவருபவர்கள் இதைத் தவறவிடுவதுண்டு.

அப்படிப் பிரித்துத் தீர்ப்பதில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. மேல் மாடலில் தூணடிகள் அசையாத ஆதாரங்கள். கீழ் மாடலில் அதே இடங்கள் ஆளுக்கொரு அளவில் இறங்குகின்றன. கீழே மண்ணுக்குப் பதிலாக வைப்பது பெரும்பாலும் எமில் விங்க்லர் 1867-இல் முன்வைத்த தனித்தனி ஸ்பிரிங்குகள். ராஃப்டின் ஓரம் தூக்கினால் அவை இழுத்துப் பிடிக்காதபடி, அழுத்தத்துக்கு மட்டும் வேலை செய்பவையாக அமைக்க வேண்டும். பக்கத்து ஸ்பிரிங் அமுங்குவது ஒரு ஸ்பிரிங்குக்குத் தெரியாது. அதனால் சீரான சுமை ஏற்றிய ராஃப்ட், விங்க்லர் மண்ணில் மட்டமாகவே இறங்கும். நிஜ மண்ணில் நடுவே குழியும்.

மேலும் கீழும் ஒரே மாடலாக இருந்தால், நடுத்தூண்கள் இறங்கும்போது சட்டகம் அவற்றின் சுமையில் ஒரு பங்கை ஓரத் தூண்களுக்குத் தள்ளும். அதற்காக அந்த விடையை முழுதாக நம்பிவிடவும் முடியாது. மென்பொருள், கட்டி முடித்த சட்டகத்தின் மேல் எல்லாச் சுமையையும் ஒரே நொடியில் வைக்கிறது. களத்திலோ கட்டடம் தளம் தளமாக ஏறும். இறக்கத்தில் கணிசமான பகுதி மேல்தளங்கள் பிறக்கும் முன்பே முடிந்திருக்கும். அந்தத் தளங்களின் விறைப்பு அப்போது இல்லவே இல்லை என்பதால், உண்மையில் ஓரத் தூண்களுக்குப் போகும் பங்கு கணக்கு காட்டுவதைவிடக் குறைவு.