பந்தோடு மலையகம் போகும் வாலிபர்களுக்கு

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் பக்கத்துச் சபைகளின் வாலிபர்கள் என் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள். "டாக்டர் அண்ணே, இலங்கைக்கு ஊழியத்துக்குப் போறோம். என்ன ஊசி போடணும்?" மதுரையிலிருந்து கொழும்புக்கு நேராகவே விமானம் இருக்கிறது. அங்கிருந்து மலையேறினால் மலையகத்து ஊர்களான ஹட்டன், நுவரெலியா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரு வாரம் கால்பந்து, வாலிபால், பாட்டு, வேதாகமக் கதை. நல்ல ஆசை. நம் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கங்களிலிருந்து போன சனங்களின் பேரப்பிள்ளைகள்தானே அவர்கள்.

ஊசி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். டெட்டனஸ் பூஸ்டர், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ. மலேரியா மாத்திரை வேண்டாம். இலங்கையை மலேரியா இல்லாத நாடாக 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. நம்மிடமிருந்து அது அங்கே போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் இப்போதைய கவலை. காய்ச்சல் இருந்தால் பரிசோதிக்காமல் விமானம் ஏறாதீர்கள். கென்யா, உகாண்டா போகிற குழுவாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே போட்டு, சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தங்கள் உடம்பைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஏதும் கேட்காமல் எழுந்து போய்விடுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வயிறு. தோட்டத்தில் அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போயிருப்பார். பிள்ளை பால் இல்லாத ஒரு பிளேன்டீயும் பாதி ரொட்டியுமாக மைதானத்துக்கு வந்து நிற்கலாம். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லும். பந்தைப் பார்த்த பிறகு எந்தப் பிள்ளை பசிக்குது என்று சொல்லும்? தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டைப் பக்கத்து ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நமக்குத் தெரியும். பசித்த பிள்ளையை வெயிலில் ஓடவிடக் கூடாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். விளையாட்டு விழாவில் மயங்கி விழுந்தது என்று இங்கே தூக்கி வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான். பல நேரம் பதில் அதிலேயே இருக்கும். கூடவே ரத்தசோகை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், நாலு எட்டு ஓடினாலே மூச்சிரைக்கும், சில பிள்ளைகள் மண் தின்னும். அப்படிப்பட்ட பிள்ளையை "இன்னும் வேகமா ஓடு" என்று உற்சாகப்படுத்துவது அன்பு ஆகாது.

ஆகவே நிகழ்ச்சி நிரலில் சாப்பாட்டைக் கடைசியில் போடாதீர்கள். அவித்த முட்டை, பயறு, வாழைப்பழம் என்று காலையில் முதலில் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டத்தைத் தொடங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். சமையலை அந்த ஊர்த் தாய்மார்களிடமே விட்டு, கூலியும் கொடுங்கள். பை நிறைய சாக்லேட் கொண்டு போக வேண்டாம், அது பல் மருத்துவருக்குத்தான் வேலை வைக்கும்.

காயங்களைப் பற்றிச் சுருக்கமாக. நகர்த்தக்கூடிய கோல் கம்பத்தை முளையடித்துக் கட்டாமல் விளையாட்டைத் தொடங்காதீர்கள். கவிழ்ந்து விழுந்து பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அன்று மறுபடி ஆட்டம் கிடையாது. வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. நிலைத்த பல் விழுந்துவிட்டால் வேர்ப் பக்கம் தொடாமல் எடுத்து, பாலில் போட்டுக் கொண்டு ஓடுங்கள். மார்ச், ஏப்ரலில் இலங்கையில் பிற்பகல் இடிமழை அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகே திரும்புங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் இல்லை.

அடுத்ததைச் சபைகளில் பேசவே தயங்குகிறார்கள். வெளிநாட்டு அண்ணன், கையில் புதுப் பந்து, தோளில் கை போட்டுச் சொல்லித் தருகிறார். அந்தப் பிள்ளைக்கு அவர் மேல் ஒரே நாளில் முழு நம்பிக்கை வந்துவிடும். பிள்ளைகளைக் கெடுக்க நினைக்கிறவன் தேடுவதும் இந்த நம்பிக்கையைத்தான். "நல்ல பையன், பாஸ்டருக்குத் தெரிஞ்ச குடும்பம்" என்பது சோதனை ஆகாது. ஒவ்வொருவருக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது, கழிப்பறைக்கு அழைத்துப் போவதானாலும் வேனில் கொண்டுவிடுவதானாலும். பிள்ளைகளிடம் போன் நம்பர் வாங்குவதும் இன்ஸ்டாகிராமில் பேசுவதும் வேண்டாம். தங்குமிடத்துக்குள் பிள்ளைகள் வரக் கூடாது. முகமும் பள்ளிப் பெயரும் ஒன்றாகத் தெரியும் படங்களைக் காணிக்கை கேட்கும் போஸ்டரில் போடாதீர்கள். ஏதாவது நடந்தது என்று பிள்ளை சொன்னால் நம்பிக் கேளுங்கள். அங்கே குழந்தைகள் உதவி எண் 1929. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்கிற பேச்சு எவ்வளவு பெரியவர் வாயிலிருந்து வந்தாலும் அதற்கு இணங்காதீர்கள்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. தோட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் ஜெர்சி என்று வைத்தால், பசித்த பிள்ளை உட்காரத்தான் செய்யும். அதை விசுவாசம் என்று கணக்கு எழுதக் கூடாது. நாம் யார், என்ன சொல்லப் போகிறோம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே முழுதாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கதை கேட்காத பிள்ளைக்கும் அதே பந்து, அதே முட்டை. விசாவையும் போகும் காரியத்தை மறைக்காமல் எடுங்கள்.

மதுரைக்கு 1834இல் வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் பள்ளியும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இன்றும் நிற்கிறது, ஏனென்றால் அவர்கள் தங்கினார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடெல் மறு ஆண்டே சீனாவுக்கு ஊழியத்துக்குப் போனார். 1945இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இறக்கும்வரை அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தார். உங்களால் அப்படித் தங்க முடியாது, ஒரு வாரம்தான் லீவு. ஆனால் அந்தத் தோட்டப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அங்கேயே இருப்பவர். உங்கள் பணத்தில் பெரும்பங்கு அவர் கைக்குப் போகட்டும். பந்தைக்கூட ஹட்டன் கடையிலேயே வாங்குங்கள். முதலுதவிப் பயிற்சிக்கு அவரை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்பிள்ளைகள் அங்கே வலைப்பந்து (நெட்பால்) ஆடுவார்கள். நமக்குத் தெரியாத ஆட்டம் என்று அதை ஓரங்கட்டாமல் அவர்களிடமே கற்றுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2018இலும் 2022இலும் ஆசியக் கோப்பை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். அந்தப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள். கிரிக்கெட் வீரர் முரளிதரனின் தாத்தாவும் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்தான், அதையும் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு மாதம் ஒரு முறை அந்த ஆசிரியருக்குப் போன் செய்து, பந்து கிழிந்ததா, வலை இருக்கிறதா, மயங்கி விழுந்த பிள்ளையை டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்க ஒருவர் வேண்டும். அவர் யார் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.