"இது என்ன?" என்று கேட்பதற்கு முன்

ஓவிய வகுப்பு நடத்தும் என்னிடம் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி, "சார், இது என்ன?" என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நானே அதைக் கேட்டேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கரித்துண்டால் தாள் முழுவதும் சுழல் சுழலாகத் தேய்த்திருந்தான். ஓரிடத்தில் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தம். "இது என்னப்பா?" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவசர அவசரமாக அந்தச் சுழல்களின் மேலேயே இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு போட்டு நீட்டினான். முதலில் அவன் வரைந்தது என்ன என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அலி பனிசதரின் ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாள் நினைவுக்கு வருகிறது. 1976-இல் தெஹ்ரானில் பிறந்தவர் அவர். 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போருக்குள்தான் அவருடைய பிள்ளைப்பருவம் கழிந்தது. குண்டுச் சத்தங்களைக் கேட்டு, அவற்றைப் படமாக வரைந்த குழந்தை. ஒலியை நிறமாகவும் வடிவமாகவும் உணரும் இயல்பு தமக்கு உண்டு என்கிறார். பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு ஈரானைவிட்டு வெளியேறி, துருக்கி வழியாக அமெரிக்கா சேர்ந்தார். இப்போது நியூயார்க்கில் வசிக்கிறார்.

அவருடைய பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைத் தள்ளி நின்று பார்த்தால் போர்க்களம் போலவும் இருக்கும், திருவிழாக் கூட்டம் போலவும் இருக்கும். அருகே போனால் ஆட்கள் கரைந்துவிடுவார்கள். தலைக்கவசம் என்று நினைத்தது ஒரே ஒரு தூரிகை இழுப்பு. இறக்கை என்று நினைத்தது வழித்துவிட்ட சாயம். பின்னால் நகர்ந்தால் மறுபடியும் கூட்டம் கூடிவிடும். உயரத்திலிருந்து பார்க்கும் கோணமும், ஒரே பரப்பில் பல நிகழ்ச்சிகள் நடப்பதும் பாரசீகச் சிற்றோவிய மரபில் உள்ளவை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நெதர்லாந்து ஓவியர் ஹீரோனிமஸ் போஷின் விசித்திர உயிர்களுக்கும் இங்கே சொந்தங்கள் உண்டு. தொடக்கக்கால ஓவியங்களில் பொடிப்பொடியாக இருந்த உருவங்கள், அண்மை ஆண்டுகளில் பெரிதாகி முன்னே வந்திருக்கின்றன. அரூப ஓவியத்தை விட்டு உருவ ஓவியத்துக்கு வந்துவிட்டார் என்று இதைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஓவியம் தமக்கு ஓர் ஒலியிலிருந்து தொடங்குவதாகச் சொல்கிறார். அந்த ஒலி எவ்வளவு உருவம் கேட்கிறதோ அவ்வளவு கொடுக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"ஒழுங்காக வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கிறுக்குவார்கள்" என்று என்னிடம் சொல்லும் பெற்றோருக்கு ஒரு தகவல்: மனித உருவத்தை முறையாக வரையக் கற்றுத்தருவதற்கே பெயர்பெற்ற நியூயார்க் கலைக் கழகத்தில் 2007-இல் முதுகலைப் பட்டம் பெற்றவர் பனிசதர். கையும் காலும் வரையத் தெரிந்தே அவற்றைக் கரைக்கிறார்.

இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் "எங்கே தொடங்கினாய்?" என்று மட்டும் கேட்கிறேன். பெரும்பாலும் விரலை வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்திலிருந்து கோடு போன வழியை அவர்களோடு சேர்ந்து விரலால் தொடர்ந்து பாருங்கள். பாதி வழியில் அவர்களாகவே பேச ஆரம்பிப்பார்கள். பேசாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம். பென்சிலை வாங்கி, அதன்மேல் மலையும் சூரியனும் போட்டுக் கொடுக்க மட்டும் செய்யாதீர்கள்.