துணை மின்நிலையத்தில் ஜல்லி எதற்கு?

துணை மின்நிலையத்தின் வேலிக்குள் எட்டிப் பார்த்தால் தரை முழுக்கக் கருங்கல் ஜல்லி கிடக்கும். களை முளைக்காது, சேறாகாது, மின்மாற்றியிலிருந்து ஒழுகும் எண்ணெய் கற்களுக்கிடையே இறங்கிவிடும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் களைக்கும் சேற்றுக்கும் கான்கிரீட் தளமே போதுமே! அங்கேதான் சிக்கல்: ஈரம் ஏறிய கான்கிரீட் ஏறக்குறைய மண்ணைப் போலவே மின்சாரத்தைக் கடத்தும்.

தரைக்கடியில் உலோகக் கம்பிகளாலான எர்த்திங் வலை புதைந்திருக்கிறது. மேலே மின்கம்பி அறுந்து இரும்புச் சட்டத்தின் மீது விழுந்தால், ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே மண்ணுக்குள் பாயும். பிரேக்கர் இணைப்பைத் துண்டிக்கும்வரை அந்த மண்ணிலேயே மின்னழுத்தம் ஏறியிருக்கும். அதுவும் இடத்துக்கு இடம் மாறும். அந்நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் ஊழியரின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலான வேறுபாடு படி மின்னழுத்தம். சட்டத்தைப் பிடித்திருக்கும் கைக்கும் காலுக்கும் இடையிலானது தொடு மின்னழுத்தம். இந்த இரண்டாவதே அதிக ஆபத்தானது, மின்னோட்டம் நெஞ்சைக் கடந்து போவதால்.

ஜல்லி இந்த வேறுபாட்டைக் குறைப்பதில்லை. காலுக்கும் மண்ணுக்கும் நடுவே தடையாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். கூரான கற்கள் ஒன்றையொன்று முனைகளில் மட்டுமே தொடுகின்றன; மழைநீர் இடைவெளிகளில் வடிந்துவிடுகிறது. ஆகவே நனைந்த ஜல்லிக்கே மின்தடைத்திறன் 3,000 ஓம்-மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஈர மண்ணுக்கு இது 100 அளவில்தான் இருக்கும்.

அமெரிக்காவின் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வகுத்த 80-ஆம் எண் தரநிலைச் சூத்திரத்தில் 50 கிலோ எடையுள்ள ஒருவரையும் அரை நொடிக் கோளாறையும் போட்டுப் பார்க்கலாம். வெறும் மண்ணில் அவர் தாங்கக்கூடிய படி மின்னழுத்தம் சுமார் 260 வோல்ட். 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பினால் அது 2,230 வோல்ட்டாக உயர்கிறது. தொடு மின்னழுத்தத்தில் லாபம் இவ்வளவு இல்லை: 190 வோல்ட் 680 ஆகிறது. சட்டத்தைப் பிடித்த கைக்குக் கீழே ஜல்லி ஏது?

வேலியும் உலோகம்தான், வெளியே நிற்பவரும் அதைத் தொடலாம். அதனால் பல இடங்களில் வேலிக்கு வெளியேயும் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஜல்லி பரப்புகிறார்கள். வழிப்போக்கர் அதைச் சிந்திக் கிடக்கும் கல் என்றே நினைப்பார்.

நாள்பட நாள்பட மண்ணும் தூசியும் கற்களின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். நீர் தேங்கும், மின்தடை இறங்கும். பார்வைக்கு ஜல்லி அப்படியே இருக்கும். அதனால்தான் பராமரிப்பின்போது அதைச் சலித்துப் போடுகிறார்கள், அல்லது புதிதாகக் கொட்டுகிறார்கள்.